டோட்டன்ஹாம் புட்டிங்: பன்றிகள் சாப்பிட்ட யுத்தம்

நம்மூர்ல மாட்டுக்கு கழுநீர்த் தொட்டி வைப்பாங்களே, அதையே ஒரு அரசாங்கம் தேசம் முழுக்கச் செஞ்ச கதை இது.

பன்றியோட வயிறு மாட்டு வயிறு மாதிரி கிடையாதுங்க. வெறும் வைக்கோல், புல்லை வச்சு அதைக் கொழுக்க வைக்க முடியாது. நாம சாப்பிடற தானியத்துக்கே போட்டிக்கு வரும். இங்கிலாந்தோ தீவனத்துக்கு மக்காச்சோளத்தைக் கப்பல்லதான் கொண்டுவந்துட்டு இருந்தது. 1939-ல் யுத்தம் வந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடல்ல உட்கார்ந்ததும், கப்பல்ல இடம் முதல்ல மனுஷனுக்குன்னு ஆயிடுச்சு. பன்றிகளோட எண்ணிக்கை பாதிக்கும் கீழே போச்சு. ஜனவரி 1940-லயே பேக்கனுக்கு ரேஷன்.

அப்பதான் பன்றி கிளப்புகள் கிளம்பின. அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து பன்றி வாங்குவாங்க, அவங்கவங்க வீட்டு மிச்சத்தைப் போட்டு வளர்ப்பாங்க. லண்டன் ஹைட் பார்க்கில் போலீஸ்காரர்களே பட்டி போட்டு வளர்த்தாங்கன்னா பாத்துக்கங்க :-) தெருவுக்குத் தெரு பன்றித்தொட்டி. உருளைத்தோல், முட்டைக்கோஸ் தண்டு, காய்ஞ்ச ரொட்டி எல்லாம் அதுக்குள்ள. எலும்பு மட்டும் தனி, அது கோந்துக்கும் வெடிமருந்துக்கும் போகும்.

இதுல எனக்குப் பிடிச்சது டோட்டன்ஹாம்காரங்க வேலைதான். சேர்ந்த கழிவை அப்படியே கொட்டாம, ஆலையில நல்லா வேகவச்சு கிருமியைக் கொன்னு கொடுத்தாங்க. ஆறினதும் களி மாதிரி கெட்டியாயிடும். பேரே டோட்டன்ஹாம் புட்டிங்! பேர் வச்சது ராணி மேரின்னு ஒரு கதை உண்டு.

சமையலறை மிச்சத்துல முக்கால்வாசி தண்ணி. அதனால நிறைய போடணும். உப்பு அதிகமா இருந்தாலும் ஆபத்து. ஆனா இறைச்சித் துண்டும் ரொட்டியும் கலந்து வர்றதால புரதத்துக்குப் பஞ்சமில்ல, செலவும் கம்மி. முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணு: வேகவைக்கணும். 1973 சட்டப்படி 100 டிகிரியில ஒரு மணி நேரம்.

2001-ல் நார்த்தம்பர்லேண்டுல ஒரு பண்ணையில இந்த விதியைச் சரியா கடைப்பிடிக்கலை. அங்கேருந்துதான் கோமாரி நோய் கிளம்பியிருக்கணும்னு விசாரணையில சொன்னாங்க. 60 லட்சத்துக்கும் மேலான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்னாங்க. அதே வருஷம் மே மாசம் கழிவுத்தீவனத்துக்கே தடை. அப்போ அதைத் தின்ன பன்றிகள் நூத்துக்கு ரெண்டு கூட இல்ல. அடுத்து ஐரோப்பிய யூனியன் முழுக்கத் தடை.

பயம் நியாயம்தான். ஆனா தப்பு வேகவைக்காததுல, மிச்சத்துல இல்லையே? அதே 2001-ல் ஜப்பான்ல உணவு மறுசுழற்சிச் சட்டம் அமலுக்கு வந்தது. அங்கே கடை மிச்சத்தைச் சூடாக்கி, நம்ம இட்லி மாவு மாதிரி புளிக்கவச்சு, ‘ஈகோஃபீட்’னு பன்றிக்குக் கொடுக்கறாங்க.

பிரிட்டன்ல ரொட்டி ஆலை மிச்சம், சீஸ் செய்யறப்போ வர்ற மோர்த்தண்ணி, பீர் ஆலைச் சக்கை இதெல்லாம் விதிகளுக்கு உட்பட்டு போடலாம். ஆனா வீட்டுச் சமையலறைக்குள்ள போய் வந்த உருளைத்தோலைப் போட்டா சட்டவிரோதம், அந்த வீடு முழு வீகன் வீடா இருந்தாலொழிய.