பியூக் தூக்கிப் போட்ட எஞ்சின்

போன மாதம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அப்பா காலத்து மஹிந்திரா ஜீப், மலைத்தோட்டத்து வண்டி. இன்னும் ஓடுது, ஆனா லோடு ஏத்தினா ஏற்றத்துல மூச்சு வாங்குது. "பெருசா ஒரு எஞ்சினைத் தூக்கி வச்சிடலாம்னு மெக்கானிக் சொல்றார், வைக்கலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

நான் மெக்கானிக் இல்லை, வரலாறு பேசுகிறவன். ஆனால் இதே கேள்வியை இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரு காலத்தில் தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. ஒன்று அமெரிக்காவின் ஜீப், இன்னொன்று இங்கிலாந்தின் லேண்ட் ரோவர். இரண்டுக்கும் பதில் கிடைத்தது ஒரே இடத்தில்தான்: பியூக் என்கிற அமெரிக்கக் கார் கம்பெனி வேண்டாம் என்று விட்ட எஞ்சின் குடும்பத்தில். இன்றைக்கு அந்தக் கதை.

முதலில் ஜீப். 1941-ல் அமெரிக்க ராணுவம் வைத்த எடை வரம்பு 2,160 பவுண்டு, அதாவது 980 கிலோ. வில்லிஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் கையில் இருந்தது 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 எச்.பி. எஞ்சின். கனமானது, ஆனால் போட்டிக்கு வந்த மற்ற வண்டிகளின் எஞ்சினை விட வலுவானது. எடையைக் குறைக்க எஞ்சினை மாற்று என்றால் மாட்டேன் என்றார். அதற்குப் பதிலாக வண்டியின் மற்ற எல்லாவற்றையும் இழைத்தார். போல்ட்டின் நீளத்தைக்கூடக் குறைத்தார்கள் என்று சொல்வார்கள். எஞ்சின்தான் முக்கியம், வண்டி அதற்கேற்ப மாறட்டும் என்கிற பிடிவாதம் ஜீப்பின் பிறப்பிலேயே இருக்கிறது.

போர் முடிந்து 1953-ல் சிஜே-3பி வந்தது. கொள்ளளவு அதே 2.2 லிட்டர்தான். ஆனால் பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற வால்வுகளை எஞ்சினின் தலைக்கு ஏற்றிவிட்டார்கள். 'ஹரிக்கேன்' என்று பேர். எச்.பி. 70-க்கு மேலே போனது, எஞ்சினின் உயரமும் கூடியது. பானட் மூட முடியவில்லை. அதனால் பானட்டையே மேலே தூக்கிவிட்டார்கள்! அவ்வளவுதான், வேறு பெரிய மாற்றம் இல்லை. மஹிந்திரா பல ஆண்டுகள் நம் ஊரில் செய்தது இந்த சிஜே-3பியைத்தான். நெற்றி உயர்ந்த மாதிரி இருக்கும் அந்த முகத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்ம நேயர் வீட்டில் நிற்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். அதாவது அந்த வண்டியின் முகமே ஒரு எஞ்சின் மாற்றத்தின் தழும்பு.

அமெரிக்காவில் அதோடு திருப்தி வரவில்லை. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்களை வாங்கியவர்கள் வீட்டு ஷெட்டில் வைத்து ஃபோர்டு வி-8, செவ்ரோலே வி-8 எல்லாம் திணித்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், உடைத்தார்கள். என்ன உடைந்தது என்பதற்கு அப்புறம் வருகிறேன், அதுதான் இந்தக் கதையின் மையம்.

இப்போது பியூக். 1961 மாடல் வருஷத்தில் அவர்கள் ஒரு சின்ன வி-8 எஞ்சின் கொண்டு வந்தார்கள். 215 கன அங்குலம், நம் கணக்கில் 3.5 லிட்டர். முழுக்க அலுமினியம், எடை 150 கிலோவுக்குள். அன்றைய அமெரிக்க வி-8கள் இரும்புக் குண்டுகள், அதற்கு நடுவில் இது ஒரு அதிசயம். ஆனால் அலுமினியத்தில் வார்க்கச் செலவு அதிகம், வார்ப்பில் கழிவும் அதிகம். கூலண்ட் விஷயத்திலும் தொல்லை, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. அதற்குள் இரும்பையே மெல்லிய சுவராக வார்க்கும் நுட்பம் கை வந்துவிட்டது. 1963 மாடலோடு அலுமினிய எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. விலை குறைந்த கார் வேண்டும் என்பதற்காக, அதே வி-8 அமைப்பில் இரண்டு சிலிண்டரை வெட்டி, இரும்பில் வார்த்து, 1962-ல் ஒரு வி-6 செய்தார்கள். ஒரே இயந்திர வரிசையில் இரண்டையும் கடையலாம், மிச்சம். சிக்கல் என்னவென்றால், எட்டு சிலிண்டருக்கு 90 டிகிரி கோணம் சரி, ஆறு சிலிண்டருக்கு அது பொருந்தாது. வெடிப்புகள் 120 டிகிரிக்கு ஒன்று என்று சீராக வரவேண்டியவை, 90, 150, 90, 150 என்று நொண்டி நொண்டி வந்தன. நின்றுகொண்டிருக்கும்போது கார் குலுங்கும். சத்தமில்லாத சவாரிக்குப் பேர் போன பியூக்குக்கு இது பெரிய சங்கடம். 1964-ல் அதை 225 கன அங்குலமாக, 3.7 லிட்டராகப் பெரிசாக்கி 155 எச்.பி.க்குக் கொண்டு வந்தார்கள். ஆனாலும் மூன்று வருஷத்தில் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

பங்களாவுக்கு ஆகாத நாற்காலி வயல் கொட்டகைக்கு ஆகும் இல்லையா? ஜீப்பில் ஏறுகிறவன் குலுங்கலைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டான். வில்லிஸை 1953-லேயே கைசர் வாங்கியிருந்தது. 1965-ல் கைசர் ஜீப் இந்த வி-6 எஞ்சினை விலைக்கு வாங்கி, 'டான்ட்லஸ்' என்று பெயர் வைத்து சிஜே-5ல் பொருத்தியது. 1967-ல் உற்பத்தி இயந்திரங்களையே பியூக்கிடமிருந்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. வி-6 நீளத்தில் குட்டை, அதனால் ஜீப்பின் சின்ன மூக்குக்குள் உட்கார்ந்தது. நொண்டலை அடக்க ஒரு கனமான ஃபிளைவீல் போட்டார்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணையாமல் இருக்க அந்தக் கனமே உதவியும் செய்தது.

சரி, என்ன உடையும் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். எச்.பி.யை மறந்துவிடுங்கள், டார்க் என்கிற திருகு விசையைப் பாருங்கள். ஹரிக்கேனின் டார்க் சுமார் 155 நியூட்டன் மீட்டர். டான்ட்லஸுடையது சுமார் 305. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த விசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. பழைய ஜீப்பில் முதல் கியர் அதை 2.8 மடங்கு பெருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸில் 'லோ' போட்டால் இன்னொரு 2.46 மடங்கு. ஆக்ஸிலில் இருக்கிற கிரவுன் பினியன் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. சின்ன எஞ்சினின் பலவீனத்தை ஈடு கட்டத்தான் வடிவமைத்தவர்கள் இத்தனை பெருக்கலை வைத்தார்கள். அந்தக் கணக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் இரண்டு மடங்காக்கினால், சங்கிலியில் மெலிந்த கண்ணி எதுவோ அது போகும். கியர் பல் போகும், இல்லை ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். வீட்டு ஷெட்டில் வி-8 வைத்தவர்கள் காட்டில் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

கைசர் என்ன செய்தது? எஞ்சினோடு கியர் பாக்ஸையும் மாற்றியது. ஆக்ஸில் விகிதத்தை 5.38-லிருந்து 3.73-க்கு இறக்கியது. பெருக்கலும் குறைந்தது, நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துவதும் குறைந்தது. எஞ்சின் மாற்றம் என்று விளம்பரத்தில் ஒரு வரி, பின்னாடி மூன்று இடத்தில் வேலை.

கடலைத் தாண்டினால் ரோவர் கம்பெனி. அதன் மேலாண்மை இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் 1964-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி கம்பெனிக்குப் போயிருந்தார். போன காரியம் வேறு. அங்கே பட்டறைத் தரையில் ஒரு அலுமினிய வி-8 கிடந்தது. பியூக் கைவிட்ட அதே அண்ணன். 1965 ஜனவரியில் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. ஓய்வு பெறும் வயதில் இருந்த பியூக் வடிவமைப்பாளர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே போய் உதவினார். பியூக்கைத் தோற்கடித்த வார்ப்புச் சிக்கலுக்கு ரோவர் கண்ட வழி எளிமையானது. மணல் அச்சில் வார்த்து, சிலிண்டர் லைனர்களைப் பிறகு அழுத்திப் பொருத்தினார்கள். பழைய முறை, மெதுவான முறை. ரோவர் செய்யும் எண்ணிக்கைக்கு அது போதும்.

முதலில் கார்களில் வந்தது, பிறகு 1970-ல் ரேஞ்ச் ரோவர். அதன் வடிவமைப்பாளர்களுக்கும் நம்ம 37 மடங்கு பிரச்சினைதான். அத்தனை டார்க்கையும் பின் ஆக்ஸில் ஒன்றே தாங்க வேண்டுமென்றால் அது லாரி ஆக்ஸில் மாதிரி கனமாக இருக்க வேண்டும். எனவே எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்து சுமையை முன்னும் பின்னும் பங்கு போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள்.

ஆனால் பழைய, இலைப் பட்டை ஸ்பிரிங் வைத்த லேண்ட் ரோவருக்கு? அது 2.25 லிட்டர், 77 எச்.பி.யோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் பொறுக்கவில்லை. பழைய ரோவர் கார்களிலிருந்து வி-8ஐக் கழற்றி லேண்ட் ரோவரில் வைக்க ஆரம்பித்தார்கள். இரும்பு நாலு சிலிண்டரை விட அலுமினிய எட்டு சிலிண்டர் எடை கூடுதல் இல்லை, அதனால் முன் ஸ்பிரிங்குக்குப் பாதகமில்லை. கியர் பாக்ஸும் பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டும்தான் அழுதன.

கம்பெனி 1979-ல்தான் 'ஸ்டேஜ் ஒன் வி-8' என்று அதிகாரப்பூர்வமாக விற்றது. முகப்பை முன்னால் இழுத்து இடம் பண்ணினார்கள். கியர் பாக்ஸ் ரேஞ்ச் ரோவருடையது, எப்போதும் நாலு சக்கர இழுவை. அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள். ரேஞ்ச் ரோவரில் 130 எச்.பி.க்கு மேல் கொடுத்த எஞ்சினை இதில் 91-க்கு இறக்கினார்கள். வேண்டுமென்றே மூச்சைப் பிடித்து வைத்தார்கள். காரணம், அந்த டிரம் பிரேக்கும் சேஸிஸும் அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த எண் இந்த 91தான். கையில் இருக்கிற பலத்தை முழுசாகக் காட்டாமல் விட ஒரு கம்பெனிக்குத் துணிச்சல் வேண்டும். ஷெட்டில் எஞ்சின் மாற்றுகிறவர் யாரும் இதைச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை!

தம்பி என்ன ஆனான்? 1970-ல் ஜீப் கம்பெனியை ஏஎம்சி வாங்கியது. அவர்களிடம் சொந்த எஞ்சின்கள் இருந்தன, 1971 மாடலோடு வி-6ஐ நிறுத்தினார்கள். சொந்த ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின் நீளமாயிற்றே, அதற்காக 1972-ல் சிஜே-5ன் வீல்பேஸையே மூன்று அங்குலம் நீட்ட வேண்டி வந்தது. வி-6 செய்யும் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை. சின்ன எஞ்சின் எங்கே, சின்ன எஞ்சின் எங்கே என்று பியூக் அலைந்தது. ஒரு பழைய ஜீப் வி-6ஐ எடுத்து வந்து காரில் பொருத்திப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். 1974-ல் தாங்கள் விற்ற இயந்திரங்களைத் தாங்களே திரும்ப வாங்கினார்கள். 1975 மாடல் கார்களிலேயே அது 3.8 லிட்டராக வந்துவிட்டது. 1977-ல் கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றி நொண்டலையும் சரி செய்தார்கள். அதே வம்சம் 2000-களின் பின்பாதி வரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓடியது. அண்ணன் வி-8ம் கிட்டத்தட்ட அதே காலம் வரை, 4.6 லிட்டர் வரை வளர்ந்து, லேண்ட் ரோவர்களில் ஓடினான்.

இந்தியாவில் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியது. இங்கே கேள்வி பலம் இல்லை, பெட்ரோல் செலவு. டீசல் வைத்தார்கள். மஹிந்திராவே பெஜோ உரிமத்தில் 2112 சிசி டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றது. பட்டறைகளில் கிடைத்த டீசலை எல்லாம் வைத்தார்கள். டீசல் கனம், அதிர்வு வேறு மாதிரி, ஆனாலும் பின்னாடி இருக்கிற மெலிந்த கண்ணி அதேதான்.

ஆக, நேயருக்கு. மெக்கானிக்கிடம் எத்தனை எச்.பி. என்று கேட்காதீர்கள். கியர் பாக்ஸ் எது, கிரவுன் பினியன் விகிதம் என்ன போடப்போகிறார், டிரம் பிரேக்கை என்ன செய்யப்போகிறார், லோடோடு மலை இறங்கும்போது வண்டி எப்படி நிற்கும் என்று கேளுங்கள். எஞ்சின் நம்பர் மாறும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதையும் கேளுங்கள். ஹரிக்கேனைக் கழற்றினால் பழைய இரும்புக்குப் போடாமல் கிரீஸ் தடவி ஷெட்டில் ஒரு ஓரமாக வையுங்கள். மெக்கானிக் என்ன சொன்னார் என்று எனக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க.