அமீர் மஹால்: பங்கு வைக்கப்படாத வீடு

கருங்கல் வட்டாரத்தில் பாகப் பிரிவினை என்றால், பராயிள் கணக்குப் பார்க்க என்னைப் போன்ற அரபி உஸ்தாதுகளை அழைப்பது வழக்கம். அண்மையில், பெற்றோர் இருவரும் மறைந்துவிட்ட ஒரு வீட்டில் மூன்று ஆண்மக்களுக்கும் இரண்டு பெண்மக்களுக்குமாக எட்டுப் பங்கு என்று எழுதிக் கொடுத்தேன். தென்னந்தோப்பைப் பிரிப்பதில் சிரமமில்லை. நடுவே நிற்கும் ஓட்டு வீட்டுக்குக் கூடம் ஒன்று, கிணறு ஒன்று. மூத்தவர் கேட்டார்: "சென்னையில் நவாபின் அமீர் மஹால் மட்டும் உடையாமல் நிற்கிறதே, அவர்களுக்குச் சட்டம் வேறா உஸ்தாதே?"

விடை சரித்திரத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையின் நெருக்கத்தை விட்டு வெளியேறிய ஆங்கிலேயர், மவுண்ட் ரோட்டின் இரு மருங்கிலும், எழும்பூரிலும், நுங்கம்பாக்கத்திலும் தோட்ட வீடுகள் எழுப்பினர். மரங்கள் அடர்ந்த வளாகம், நடுவே உயர்ந்த தூண்களுடைய மாளிகை. கருநாடக நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அக்காலத்தில் சென்னைவாசியானார். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கம்பெனி ஊழியர்களிடம் அவர் வாங்கிய கடன், 1785இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் நீண்ட சொற்பொழிவாற்றும் அளவுக்குப் பெருகிற்று. எனினும் ஒரு செலவை நான் குறைகூற மாட்டேன். லக்னோ ஃபிரங்கி மஹல் மரபில் வந்த மௌலானா அப்துல் அலீ அவர்களை நவாப் ஆதரித்தார். 'பஹ்ருல் உலூம்', அதாவது கல்விக் கடல், என்று புகழப்பெற்ற அப்பேரறிஞர் 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார். உஸூல் கலையில் அவர் எழுதிய விரிவுரையை மதரஸாவில் ஓதியோர் அறிவர்.

1801இல் ஆட்சி கம்பெனியிடம் போயிற்று. நவாபுக்கு எஞ்சியது பட்டமும், வருவாயில் ஐந்திலொரு பங்கும், அரண்மனையும். 1855இல் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி இறக்கவே, பட்டமும் பறிக்கப்பட்டது. 1859இல் சேப்பாக்கம் அரண்மனை கடனுக்காக ஏலத்திற்கு வர, அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. அவருடைய சிறிய தந்தை அஜீம் ஜா பலகாலம் வழக்காடியபின், 1867இல் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. நாடில்லாத பட்டம்! குடியிருக்க வீடும் வேண்டுமல்லவா?

அதற்கென அரசாங்கம் கொடுத்தது ராயப்பேட்டையில் 1798இல் கட்டிய ஒரு கம்பெனிக் கட்டடம். பின்னாளில் அதில் போலீஸ் நீதிமன்றம் நடந்தது. கட்டடக்கலைஞர் சிஷோம் அதை மாளிகையாக மாற்றியமைக்க, 1876இல் குடும்பம் குடியேறியது. குற்றவாளிகள் நின்ற இடம் நவாப் வம்சத்தின் இல்லமாயிற்று. சுமார் 14 ஏக்கர். முகப்பில் செங்கல் கோபுர வாயில். 'மஹல்' என்னும் அரபிச் சொல்லுக்கு இறங்கித் தங்கும் இடம் என்று பொருள். நாடிழந்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அக்குடும்பம் அங்கேதான் வாழ்கிறது.

ஆகவே மூத்தவருக்கு நான் சொன்னது இதுதான்: பட்டத்துக்குரியவர் வசிக்க அரசாங்கம் அளித்த வீடு அது. பராமரிப்பதும் மத்தியப் பொதுப்பணித் துறையே. மய்யித்துக்குச் சொந்தமானதைத்தான் பராயிள் பங்கிடும். சேப்பாக்கம் சொந்த வீடாக இருந்தது. அது ஏலம் போயிற்று.

சொந்த வீட்டைப் பிரியாமல் காக்க 'வக்ஃபு அலல் அவ்லாத்' என்ற வழியுண்டு. சந்ததியார் பயன் துய்த்து, முடிவில் ஏழைகளுக்குச் சேரும் அறக்கட்டளை அது. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய ஒன்றைச் செல்லாதென்றது. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்றோர் கிளர்ச்சி செய்தனர்; ஜின்னா மசோதா கொண்டுவந்தார்; 1913இல் அது சட்டமாயிற்று. இதனால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை பறிபோகலாகாது என்று 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதிக்கிறது. அது எனக்கு உடன்பாடே. ஆனால் உடையவர் உயிரோடிருக்கையில் செய்ய வேண்டிய காரியம் அது.

"வாப்பா மவுத்தாகி வருஷம் இரண்டாயிற்றே" என்றார் மூத்தவர். கதவருகில் நின்ற இளைய தங்கை மெல்லச் சொன்னாள்: "என் பங்குக்குக் கிணற்றடிப் பக்கத்து அறையைத் தந்தால் போதும் காக்கா. உம்மா படுத்திருந்த அறை."