புள்ளலூர் வெற்றியும் எரிந்த வயல்களும்

மண்ணூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இங்கிருந்து மேற்கே சென்றால் பேரம்பாக்கம். அதற்கும் அப்பால், காஞ்சிபுரத்தை ஒட்டி, புள்ளலூர். ஐரோப்பிய வல்லரசுகளின் பகை இந்த மண்ணிலும் குருதி சிந்த வைத்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1778-இல் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். 1779-இல் மாஹேயையும் பிடித்தனர். மாஹே, மைசூரின் ஹைதர் அலி தம் பாதுகாப்பில் வைத்திருந்த துறைமுகம். பிரெஞ்சுப் போர்த்தளவாடங்கள் அவருக்கு அவ்வழியே வந்தன. 1780 ஜூலையில் அவர் பெரும்படையுடன் ஆர்க்காட்டு நாட்டுக்குள் இறங்கினார். அந்நாட்டின் நவாப் முஹம்மது அலி வாலாஜா ஆங்கிலேயரின் நண்பர். ஆகவே இதை மதப்போர் என்று எவரும் சொல்ல இடமில்லை.

1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் புள்ளலூரில் முற்றாக முறியடித்தனர். மைசூர் ராக்கெட்டுகளின் பெயர் பரவியது. இவ்வெற்றியை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் வீழ்ந்த அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதைப் பேசுவதில்லை.

உழவர்களைப் பற்றியும் பேசுவதில்லை. எதிரிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காக, சென்னையைச் சுற்றி உள்நாட்டில் ஏறத்தாழ 30 மைல் வரை ஊர்களும் பயிர்களும் மைசூர்ப் படையால் எரிக்கப்பட்டன. மண்ணூர் வட்டாரமும் அந்த எல்லைக்கு உட்பட்டதே. மக்கள் ஊரைத் துறந்தனர். பின்னர் கொடும் பஞ்சம் வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். அப்பஞ்சத்தில், 1782-இல், பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரமே அப்பெயரின் வேர்.

இறுதியில் யார் எதைப் பெற்றார்? 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1783-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. புதுச்சேரியும் மாஹேயும் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பின. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையின்படி மைசூரும் கம்பெனியும் பிடித்த நிலங்களைத் திருப்பித் தந்தன. எல்லைக்கோடுகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன, மாண்டவர்கள் வரவில்லை.

சிரியா நோக்கிப் படையை அனுப்பியபோது கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது, குடியிருப்புகளை அழிக்கலாகாது என்று கட்டளையிட்டதாக நம் மரபு கூறுகிறது. அந்த அளவுகோலை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மட்டும் வைத்துவிட்டு, முஸ்லிம் மன்னர் என்பதால் ஹைதருக்கு விலக்களிப்பது நீதியாகாது. நமக்கு எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சி கூற வேண்டியவர்கள் நாம்.

ஹைதர், திப்புவின் வீரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதே மூச்சில் எரிந்த வயல்களையும் கஞ்சித்தொட்டியையும் சொல்வோம். அப்போதுதான் இன்று தொலைதூர நாடுகளில் குண்டு விழும் செய்தி வரும்போது, வென்றவர் யார் என்பதற்கு முன்பாக, பசித்திருப்பவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.