சூளைக் கல்

‘போலி’ என்ற வார்த்தையை நம் விமர்சகர்கள் எடுத்து வீசும் லாகவம் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. எனக்கும் இதில் பங்கு உண்டு. மூன்று கவிதைத் தொகுதிகளை அந்த ஒரு வார்த்தையால் தள்ளியிருக்கிறேன். வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவனுக்கு அது சுலபமாக வரும். மதிப்பீட்டாளர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: மொத்த எடை, கல் எடை, நிகர எடை. கழித்துவிட்ட கல் மலையிலிருந்து வந்ததா, சூளையிலிருந்து வந்ததா என்று பேரேடு கேட்பதில்லை.

மலை, சூளை என்ற இந்தப் பாகுபாடு என்னுடையதல்ல. அக்காடிய மொழியில் எழுதியவர்கள் லாபிஸ் லாஸுலி என்ற நீலக்கல்லை ‘மலை லாபிஸ்’ என்றும், நீலக் கண்ணாடியை ‘சூளை லாபிஸ்’ என்றும் குறித்தார்கள். இதில் ஏமாற்று இல்லை. ஏமாற்றுகிறவன் பிறந்த இடத்தைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். எகிப்தியர்களுக்கோ கண்ணாடி ‘உருகிய கல்’.

கண்ணாடியை ஊதிச் செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் வருகிறது. அதற்கு முந்திய ஆயிரத்தைந்நூறு வருஷங்களில், சூட்டிலேயே இழைத்துக் குப்பி செய்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, கண்ணாடிக் கட்டியைக் கல்லாகவே பாவித்தவர்களும் இருந்தார்கள். கொத்தி, மணல் போட்டுத் தேய்த்து, மெருகிட்டார்கள். கடினத்தில் இரண்டு லாபிஸும் ஏறக்குறைய ஒன்று. ஒரே மணல் இரண்டையும் தேய்க்கும். ஆனால் கண்ணாடிக்கு ரேகை கிடையாது. தட்டினால் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து பெயரும். அவசரமாக ஆறவைத்த கட்டி உள்ளே ஒரு விசையைப் பொத்தி வைத்திருந்து, பாதி வேலையில் விரிந்துவிடும். கல்லில் பழகிய கை இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

கட்டிகள் கடல் கடந்தன. துருக்கிக் கரையோரம் உலுபுருனில் 1982இல் தெரியவந்த கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கியது. பத்து டன் செம்போடு சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் அதில் இருந்தன. கோபால்ட் நீலமும் வான்நீலமும். பரோவா கேட்ட கண்ணாடியை அனுப்பிவைப்பதாக அஷ்கெலோன் சிற்றரசன் எழுதிய களிமண் கடிதம் அமர்னாவில் கிடைத்தது.

அதே நூற்றாண்டைச் சேர்ந்ததுதான் 1925இல் சவப்பெட்டி திறந்தபோது வெளிப்பட்ட துட்டன்காமன் முகமூடி. பத்துக் கிலோ தங்கம். புருவமும் கண்ணைச் சுற்றிய மைக்கோடும் ஆப்கானிஸ்தான் மலையின் லாபிஸ். தலைத்துணியின் நீலப் பட்டைகள் கண்ணாடி. இத்தனை தங்கம் வைத்திருந்தவனுக்குக் கல் வாங்க வக்கில்லை என்று எப்படிச் சொல்வது? லாபிஸில் வெள்ளை நரம்பும் பைரைட் பொட்டும் ஓடும். அவ்வளவு நீளப் பட்டைகளுக்கு ஒரே சீரான நீலம் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியானாலும், இரண்டும் ஒரே முகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி இதையெல்லாம் மோசடிக் கணக்கில் எழுதிவிட்டார். எடை பார், வாயில் வைத்துக் குளிர்ச்சி பார், உள்ளே குமிழி தேடு என்று சோதனைகளும் சொன்னார். அதற்குள் ஊதுகுழல் வந்து கண்ணாடி மலிந்திருந்தது. நாம் கவிதையில் செய்வது பிளினியின் சோதனைகளைத்தான்.

நான் தள்ளிய மூன்றில் ஒரு தொகுதியைப் பற்றியாவது மறுபடி எழுத வேண்டும். மற்ற இரண்டைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை.