கடல்மேல் ஒரு காலி நகரம்: ஃபாரஸ்ட் சிட்டியின் கதை

சிங்கப்பூரோட மேற்குக் கோடியில துவாஸ்னு ஒரு தொழிற்பேட்டை இருக்கு. அந்தக் கரையோரம் நின்னு ஜலசந்திக்கு அந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா, மலேசியாவின் ஜோகூர் பக்கம் வரிசையா அடுக்குமாடிகள் தெரியும். பகல்ல பார்த்தா பெரிய நகரம் மாதிரிதான் இருக்கும். இருட்டினதும் பார்த்தா, விளக்கு எரியிற ஜன்னல்கள் ரொம்பக் குறைச்சல். இதுதான் ஃபாரஸ்ட் சிட்டி. ஏழு லட்சம் பேர் வாழணும்னு, கடல்ல மண்ணைக் கொட்டிக் கட்டின நகரம். இன்னிக்கு அங்க இருக்கறவங்க சில ஆயிரம் பேர்தான்.

இது எப்படி ஆச்சுன்னுதான் இன்னிக்குப் பார்க்கப்போறோம்.

கதை சீனாவுல ஆரம்பிக்குது. குவாங்டோங் மாகாணத்துல 1992-ல் தொடங்கின கண்ட்ரி கார்டன் நிறுவனம், 2017-ல் விற்பனையில சீனாவுலேயே முதலிடத்துக்கு வந்துச்சு. அவங்க தொழில் ரகசியம் வேகம். நிலத்தை வாங்கு, கட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே வீட்டை வித்துடு, அந்தப் பணத்துல அடுத்த நிலத்தை வாங்கு. சைக்கிள் மாதிரி. மிதிக்கிற வரைக்கும் ஓடும்.

அந்த சைக்கிள் ஜோகூருக்கு வந்ததுக்குக் காரணம் சிங்கப்பூர். 2006-ல் தொடங்கின இஸ்கந்தர் மலேசியா திட்டமே, பக்கத்து வீட்டுச் செல்வத்துல ஒரு பங்கு இந்தப் பக்கமும் வரட்டும்னு போட்டதுதான். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கிற இரண்டாவது பாலம் 1998-லேயே திறந்தாச்சு. அந்தப் பாலத்துக்குப் பக்கத்துலேயே தீவு போட்டா, சிங்கப்பூர் வாசல்ல சிங்கப்பூரைவிட மலிவா வீடுன்னு விக்கலாம் இல்லையா?

திட்டம் இதுதான்: நாலு செயற்கைத் தீவு, சுமார் 1,386 ஹெக்டேர், இருபது வருஷம், பத்தாயிரம் கோடி அமெரிக்க டாலர். கண்ட்ரி கார்டனுக்கு 60 சதவீதம். மீதி 40, ஜோகூர் சுல்தானுக்குப் பெரும் பங்கு இருந்த ஒரு உள்ளூர் நிறுவனத்தோட கூட்டணிக்கு. அதாவது, வாங்குறவர் சீனர், விக்கிறவர் சீன நிறுவனம், நிலம் தர்றது ஜோகூர். கடல் யாருடையதுன்னு மட்டும் யாரும் கேக்கலை.

கேட்டவங்க இருந்தாங்க. தஞ்சோங் குப்பாங் பக்கத்து மீனவர்கள். அந்த இடத்துக் கடலடியில, தீபகற்ப மலேசியாவிலேயே பெரிய கடற்புல் படுகை இருக்கு. மீன் குஞ்சு பொரிக்கிறது அங்கதான். கடல்குதிரை வாழ்றது அங்கதான். ஆவுளியான்னு நம்ம பாக் நீரிணைப் பக்கம் சொல்ற கடல்பசு மேயறதும் அந்தப் புல்லைத்தான். நீர் வத்தும்போது அந்தத் திட்டுல இறங்கி நடந்து கோங்கோங்னு ஒரு கடல் நத்தையைப் பொறுக்கி வித்துப் பிழைச்ச குடும்பங்கள் உண்டு. 2014-ல், விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு முடியறதுக்கு முன்னாடியே, அந்தப் புல் மேல மண் விழ ஆரம்பிச்சது.

வேலையை நிறுத்த வெச்சதுல பெரிய பங்கு சிங்கப்பூருக்கு. எங்க எல்லைக்குப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு விளக்கம் கேட்டது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி, 2003-ல், துவாஸ்லயும் தேக்கோங் தீவுலயும் கடலை மூடி நிலம் எடுக்குறாங்கன்னு சிங்கப்பூர் மேல சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது மலேசியா! 2005-ல் சமரசமாச்சு. இப்போ அதே குற்றச்சாட்டு, ஆள் மட்டும் மாறியாச்சு. கடைசியில மதிப்பீடு நடந்து, தீவுகளைக் கொஞ்சம் சுருக்கி, 2015 ஜனவரியில அனுமதி கிடைச்சது.

அப்புறம் விற்பனை. சீன நகரங்கள்ல விற்பனைக் கூடங்கள், மாதிரி வீடுகள், நேர்ல காட்டச் சுற்றுலா. ஷென்ஜென்ல வீடு வாங்க முடியாத நடுத்தரக் குடும்பம், சேமிப்பைப் போட்டுக் கடலோர வீடு வாங்கலாம். பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு, நீண்டகால விசா, நல்ல காத்து. பேராசைன்னு சொல்லிட முடியாது, எந்த அப்பா அம்மாவும் போடற கணக்குதான்.

அடி மேல அடி அதுக்கப்புறம்தான். 2017 தொடக்கத்துல, பணம் நாட்டை விட்டுப் போறதைத் தடுக்க சீன அரசு பிடியை இறுக்கிச்சு. ஒரு ஆள் வருஷத்துக்கு 50,000 டாலர் வரைதான் அந்நியச் செலாவணியா மாத்தலாம்னு ஏற்கெனவே விதி இருந்துச்சு. இப்போ, அந்தப் பணத்துல வெளிநாட்டுல வீடு வாங்கக் கூடாதுன்னு உறுதியும் கேட்டாங்க. முன்பணம் கட்டினவங்களால மீதித் தவணை அனுப்ப முடியலை.

2018 மே மாசம் மகாதீர் மறுபடி பிரதமரானார். தேர்தலுக்கு முன்னாடியே, மலேசியர்களால வாங்க முடியாத வீடுகளைக் கட்டி வெளிநாட்டவரைக் குடியேத்தறாங்கன்னு இதைக் கடுமையா எதிர்த்தவர். ஆகஸ்ட்ல, இங்க வெளிநாட்டவருக்கு விற்பனை கிடையாதுன்னுட்டார். வாங்கலாம், ஆனா வாங்கினதாலேயே குடியுரிமை கிடைக்காதுன்னு அரசு பிறகு விளக்கம் கொடுத்தது. ஆனா பயந்த வாடிக்கையாளர் விளக்கத்தைப் படிச்சுட்டுத் திரும்பி வருவாரா?

2020 மார்ச்ல கொரோனா எல்லையை மூடிச்சு. முழுசாத் திறந்தது 2022 ஏப்ரல்ல. அதுக்குள்ள சீனாவுல ரியல் எஸ்டேட்டே சரிய ஆரம்பிச்சிருந்தது. 2023 அக்டோபர்ல கண்ட்ரி கார்டனும் டாலர் கடனைக் கட்ட முடியாம நின்னுது. சைக்கிள் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நாலு தீவுல ஒண்ணுதான், அதுவும் ஒரு பகுதிதான், கட்டி முடிஞ்சிருக்கு. மலேசிய அரசு இப்போ அதை வேற விதமா உயிர்ப்பிக்கப் பார்க்குது. 2023-ல் சிறப்பு நிதி மண்டலம்னு அறிவிச்சாங்க. 2024-ல், பெரும் பணக்காரக் குடும்பங்களோட முதலீட்டு அலுவலகங்களுக்கு அங்க வரியே இல்லைன்னாங்க. அதே வருஷம் பாலாஜி சீனிவாசன், தன்னோட ‘நெட்வொர்க் ஸ்கூல்’ குடியிருப்பை அங்க ஆரம்பிச்சார். நாளைக்கு ஆட்கள் வரலாம். வரட்டும்.

ஆனா இந்தக் கதையில ஒரு கணக்கு மட்டும் நேராகவே ஆகாது. கட்டடத்துக்கு ஆள் வரலைன்னா காத்திருக்கலாம், விலையைக் குறைக்கலாம், சட்டத்தை மாத்தலாம். மூடின கடற்புல் படுகையைத் திரும்பத் தோண்டி எடுக்க வழியில்லை. வீடு வாங்கினவர் பணத்தை இழந்தார், நிறுவனம் பேரை இழந்தது, மீனவர் இடத்தையே இழந்தார். மூணு பேர்ல, இந்தத் திட்டத்தைப் பத்தி முன்கூட்டியே யாரும் கருத்துக் கேக்காத ஆளும் அவர்தான்.

கடலோரமா ஒரு புதுத் தீவு வரப்போகுதுன்னு அடுத்த தடவை விளம்பரம் பார்த்தா, அதுல யார் வாழப் போறாங்கன்னு கேளுங்க. அங்க இப்போ யார் வாழ்றாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.