மன்னிப்பும் முடிக்கப்படாத கற்குவியலும்

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டது 1619இல். ஈராண்டின் பின், 1621இல், பிலிப் தே ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். இச்செயலின் வேரை நாடுவோர் 1455ஆம் ஆண்டுவரை பின்செல்லுதல் வேண்டும். பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் அவ்வாண்டில் விடுத்த திருமுகம், கிறித்தவரல்லாதார் நிலங்களைக் கைப்பற்றும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்கு அளித்தது. இத்தகைய திருமுகங்களினின்றும் எழுந்ததே 'கண்டுபிடிப்புக் கோட்பாடு'. பிற ஐரோப்பியரும் இதனைத் துணைக்கொண்டே அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலங்களைத் தமதாக்கினர்.

ஈழத்தவர் பலர் இன்று வாழும் கனடா இதற்குச் சான்றாகும். அங்கு அரசின் பொருளுதவியுடன் திருச்சபைகள் நடாத்திய விடுதிப் பாடசாலைகளில், நூறாண்டுக்கு மேலாக, ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். வீடு திரும்பாது மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

1986இல் கனடா ஐக்கிய திருச்சபை, தன் நாகரிகத்தையே நற்செய்தியெனத் திணித்தமைக்காகச் சட்பரி நகரிலே பூர்வகுடிகளிடம் மன்னிப்பு வேண்டிற்று. 1988இல் வந்த மறுமொழி ஆழ்ந்து நோக்கற்பாலது. மன்னிப்புரையைப் பெற்றுக்கொண்டோம் என்றனரேயன்றி, ஏற்றுக்கொண்டோம் என்றாரல்லர். நினைவாக எழுப்பிய கற்குவியலும், சொல் செயலாகுங்காறும், முடிக்கப்படாது விடப்பட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 யூலையில் அல்பேட்டா மாகாணத்து மாஸ்குவாசிஸில் மன்னிப்பு வேண்டினார். 2023 மார்ச்சு 30இல் வத்திக்கான் அக்கோட்பாட்டை நிராகரித்தது. 1455இலிருந்து எண்ணின் 568 ஆண்டுகள்!

நம் நாட்டிலே குற்றம் ஒருபாலதன்று. 1544இல் சங்கிலி மன்னன் மன்னார்க் கிறித்தவரைக் கொல்வித்தமையையும் வரலாற்று மாணவர் மறைத்தலாகாது. எனினும், அதே மன்னாரின் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியில் ஆற்றிய பணி இங்குக் குறிப்பிடத்தக்கது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றிய அவர், கச்சேரிப் புள்ளிவிவரங்களை எடுத்துக்காட்டி, வன்னியில் 146,679 பேருக்கு நேர்ந்தது யாது என வினவினார். வன்னி மக்களுட் பெரும்பாலார் சைவர். சமயம் பாராது கேட்கப்பட்ட கேள்வி அது. ஒரு காலத்தில் ஆட்சியாளரின் வாளுக்குத் துணைநின்ற திருச்சபை, இங்கே மக்களின் சாட்சியாக நின்றது.

மன்னிப்பு வேண்டுதல் தவறிழைத்தோர் கடன்; அதனை ஏற்குங் காலத்தை வரையறுத்தல் துன்புற்றோர் உரிமை. இவ்விரண்டிற்கும் முன்னதாக உண்மை உரைக்கப்படல் வேண்டும். ஆயர் 2021இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா விடையின்றியே நிற்கின்றது. அவ்விடை கிட்டாதவரை நல்லிணக்கம் என்னும் சொல் வன்னியில் வெறுஞ் சொல்லேயாம்.