‘ஏ.எச்.’ யாருடைய முன்னெழுத்து?

புதுச்சேரியின் பழைய வெள்ளி ரூபாய்களைப் பற்றிய குறிப்புகளில் ஆண்டுக்கு முன் ‘ஏ.எச்.’ என்றிருக்கும். நம் குடும்பங்களில் அதை ஒருவர் பெயரின் முன்னெழுத்தாகவே கொள்வர். நாணயத்தின் வரலாறே அதன் பொருளை விளக்கும்.

1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலீ கான், பிரெஞ்சு ஆளுநர் துய்மாவுக்கு நாணயம் அச்சிடும் உரிமையை வழங்கினார். நாணயத்தில் முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயர் பாரசீகத்தில் பொறிக்கப்பட்டது. அவர் ஆண்டது 1719 முதல் 1748 வரை. எனவே ‘ஏ.எச். 1150’ என்பது கி.பி. 1150 ஆகாது, அன்று இந்நாட்டில் முகலாயருமில்லை, பிரெஞ்சுக்காரருமில்லை. ‘ஹிஜ்ரா ஆண்டில்’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கமே அது, கி.பி. 1737-38ஐக் குறிக்கும்.

பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட காசும் நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைக் கொண்டே காலத்தைக் கணித்தது. முன்னோரின் மீஸான் கல்லிலோ பழைய பத்திரத்திலோ தனித்த ஆண்டெண்ணைக் கண்டால், அருகிலுள்ள பெயர்களையும் படித்த பின்னரே முடிவு செய்வோம்.